தீவுக்குப் பூக் கேட்டது

என் வீட்டுக்காரர் சிங்காநல்லூரில் ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கோயிலுக்குப் போனால் சாமி கும்பிடுவதைவிடக் கல்லைத் தடவிப் பார்ப்பதில்தான் அவருக்கு நேரம் போகும். அவிநாசிக்குக் கூட்டிப்போனால், நான் மூன்று சுற்று வந்த பிறகும் அவர் முதல் தூணிலேயே நிற்பார்.

வேலையிலிருந்து நின்ற வருடம், மும்பைக்குப் பக்கத்தில் கடலுக்குள் இருக்கும் எலிபெண்டா தீவைப் பற்றி எங்கோ படித்துவிட்டார். மலையைக் குடைந்து செய்த பழைய சிவன் கோயில்கள். உள்ளே மூன்று முகத்தோடு பெரிய சிவன். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ஒரு டைரியில் பென்சிலால் திட்டம் எழுதினார். கோவையிலிருந்து ரயில், காலையில் முதல் படகு, ஒரு மணி நேரம் கடல், அப்புறம் நூற்றுச் சொச்சம் படி. திங்கட்கிழமை குகைக் கோயிலுக்கு லீவு என்று எழுதி அடியில் இரண்டு கோடு வேறு.

எனக்கு அந்த ஒரு மணி நேரக் கடலை நினைத்துத்தான் பயம். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியறியாதவள் நான். ஆனால் பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவரையே அதட்டுகிறவள் என்று தெருவெல்லாம் பெயர் எடுத்திருந்தேனே. பூசை நடக்காத கோயிலுக்கு எதற்கு என்றேன். சாமி அங்கேதானே இருக்கிறது என்றார். முட்டி வலி என்றேன். படியில் ஆள் வைத்துத் தூக்கிப்போவார்களாம், விசாரித்துவிட்டு வந்து, 'அம்மணிக்கு டோலி உண்டு' என்று டைரியில் சேர்த்தார். கடைசியில், பூக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, அம்மனிடம் பூக் கேட்காமல் இறங்க மாட்டார்கள். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனிப் பொட்டலமாக மடித்து சாமி முன்னால் போட வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று வேண்டிக்கொண்டோம். பொட்டலம் மடித்தது நான். இரண்டிலும் சிவப்பையே வைத்தேன்.

சிவப்பு வந்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மீதிப் பொட்டலத்தை எடுத்து மறைத்துவிடலாம் என்று திரும்பினேன், அதைக் காணவில்லை. பூசாரி கூட்டித் தள்ளியிருப்பார் என்று விட்டுவிட்டேன். அன்று மத்தியானம் அவருக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போட்டேன். வெட்கமில்லாமல் அதையும் செய்தேன்.

அடுத்த வருடம் இருமல் தொடங்கியது. பட்டறைத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது என்றார்கள். வாசற்படி ஏறுவதற்கே நின்று மூச்சு வாங்கினார். பிறகு ஆஸ்பத்திரி. அங்கே ஒரு நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது என் கையைத் தடுத்தார்.

"அந்த இன்னொரு பொட்டலத்த நாந்தான் எடுத்தேன் அம்மணி. அதுலயும் செவப்புதான் இருந்துச்சு."

நான் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டேன்.

"கடலுக்குப் பயம்னு சொல்லியிருக்கலாமுல்ல. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிச்சுக்கங்க என்று சொல்லியிருக்க வேண்டும். கஞ்சி ஆறிப்போகுதுங்க என்றுதான் சொன்னேன். நாலாம் நாள் போய்விட்டார்.

இப்போது மகள் அவளுக்கும் எனக்கும் ரயில் டிக்கெட் போட்டிருக்கிறாள். அப்பாவின் டைரியைப் பார்த்து, திங்கட்கிழமை வராமல் நாள் குறித்தாள். அவளுக்குப் பொட்டலத்தின் கதை தெரியாது. போன வாரம், பூக் கேட்டுவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். படகு ரொம்ப ஆடுமா என்று கேட்டேன்.

"ஆடும்னுதான் சொல்றாங்க. ஏம்மா?"

"எனக்குப் பயமா இருக்குது கண்ணு."

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதது பயத்தினால் என்று நினைத்துக்கொண்டாள்.