மாமாவின் கிளாஸும் ஐந்தாவது பெனால்டியும்

எங்கள் வீட்டில் மாமாவுக்கு மட்டும் தனி கிளாஸ் உண்டு. கழுவுவதும் தனி, கவிழ்த்து வைப்பதும் ஜன்னல் ஓரத்தில் தனி. எர்ணாகுளத்து ஹோட்டல் வேலையை விட்டு, மெலிந்துபோய் அம்மாவிடம் வந்து சேர்ந்த தம்பிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு வயிற்றெரிச்சல். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியபோது எனக்கும் ஒன்று கேட்டேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். மாமாவுக்கு எய்ட்ஸ் என்பது அவளுக்குத் தெரியும். எனக்குச் சொன்னதெல்லாம் நெஞ்சுச் சளி.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசை வீடுகள் முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள். பெரும்பாலும் கார்ப்பரேஷன் துப்புரவு வேலை. அங்கே ஒரு மலையாளத்து அக்கா, எங்களுக்கெல்லாம் சேச்சி, பந்தோடு வந்து இறங்கினார். கால்பந்து சொல்லித் தருவார், கூடவே எச்.ஐ.வி. பற்றியும் சொல்லித் தருவார். அணியில் இரண்டு பெண்பிள்ளைகளாவது இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் உள்ளே நுழைந்த நான், ஓட முடியாத காரணத்தால் கோல்கீப்பர் ஆனேன்.

பாடத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். கொசு கடித்தால் வராது, கட்டிப்பிடித்தால் வராது, ஒரே தட்டில் தின்றால் வராது. எப்படி வரும் என்ற பகுதி வந்தால் மட்டும் பையன்கள் தங்கள் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு எல்லாம் மனப்பாடம். அதை வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

இறுதிப் போட்டி ஃபோர்ட் கொச்சி அணியோடு. துப்புரவு வேலை முடிந்து, நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்மா வந்திருந்தாள். பக்கத்தில் மாமா, பையில் பிளாஸ்கும் அவருடைய கிளாஸும்.

ஆட்டத்தில் கோலே விழவில்லை. பெனால்டி என்றார்கள். சேச்சியின் பெனால்டிக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு உதைக்கு முன்பும் கோல்கீப்பருக்கு மைக்கில் ஒரு கேள்வி. பதில் தப்பானால் கீப்பர் ஓரமாகப் போய் நிற்க வேண்டும். எதிராளி காலி கோலில் உதைத்துக்கொள்ளலாம். நாங்கள் ஐந்து உதையும் முடித்து மூன்று போட்டிருந்தோம். அவர்கள் இரண்டு, மீதி ஒரே உதை. அதைத் தடுத்தால் கோப்பை எங்களுக்கு. உதைக்க வந்தவனோ மீசை அரும்பிய தடியன்.

சேச்சி மைக்கைப் பிடித்தார். "எச்.ஐ.வி. உள்ள ஆளு குடிச்ச கிளாஸ்ல நீ சாயா குடிச்சா அசுகம் வருமோ?"

"வராது சேச்சி! ஒருக்காலும் வராது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"சரியுத்தரம்!" என்று மைக் அலறியது. தடியன் உதைத்தான். நான் வலப்பக்கம் பாய்ந்தேன். கணக்குப் போட்டுப் பாயவில்லை, பயத்தில் பாய்ந்தேன். பந்து என் நெஞ்சில் மோதி வெளியே உருண்டது. அடுத்த நிமிடம் மொத்த அணியும் என் மேல் விழுந்தது. தோளில் தூக்கி மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

இறங்கியதும் தாகம். ஜெயித்த திமிர் வேறு. நேரே மாமாவிடம் ஓடி, அவர் பாதி குடித்திருந்த சாயாவைப் பிடுங்கிக் குடித்தேன். இன்றைக்கு எனக்கில்லாத கிளாஸா!

"ஐயோ மோளே, வேண்டாம்!" என்று மாமா பதறினார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சேச்சி மைக்ல சொன்னது உள்ளதாடி?" என்றாள் மெதுவாக.

"பின்னே? அதுக்குத்தானே கப்பு தர்றாங்க!"

அம்மா பிளாஸ்கைத் திறந்து அதே கிளாஸில் ஊற்றினாள். நின்றபடியே குடித்து முடித்தாள். கழுவாமல் மறுபடி நிரப்பித் தம்பியிடம் நீட்டினாள். மாமா அதை வாங்காமல் மண்ணில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

எனக்கு மானம் போயிற்று. அணியே பார்த்துக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் சாயாவுக்கு ஒரு பெரிய மனுஷன் இப்படியா அழுவார்? இருந்தாலும் பாவமாக இருந்தது. "அழாதீங்க மாமா. இனிமே உங்க கிளாஸைத் தொடவே மாட்டேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மாமா அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டார். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கோப்பை ஜெயித்துக் கொடுத்தவளைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார்களே என்று கோபம் வந்து, நான் கூட்டத்துக்குள் ஓடிவிட்டேன்.