அந்தச் சாமிதானுங்க கேப்டன்

ஒரு மனு கிடைத்தால் உடனே ஒப்புகை தர வேண்டும். முப்பது நாட்களுக்குள் பதில் எழுத வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்றாவது எழுத வேண்டும். அரசு அலுவலக நடைமுறை இதுதான். பணிக்காலம் முழுவதும் இதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான்.

முதலாம் ஆண்டு நினைவு மலரில் இவன் எதற்கு விதிகளைப் பற்றி எழுதுகிறான் என்று உறவினர்கள் முகம் சுளிக்கலாம். என் தங்கையின் கடைசி ஆண்டு ஒரு மனுவின் பின்னால்தான் ஓடியது. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ‘அவர்’ என்று எழுதுவதும் மலருக்கான மரியாதைதான். நேரில் ‘அவர்’ என்று சொல்லியிருந்தால், “ஏனுங்கண்ணா, ஒடம்புக்கு ஆகலைங்களா?” என்று கேட்டிருப்பார்.

தங்கை மேச்சேரிக்குப் பக்கத்தில், மேட்டுக்காட்டில் பிறந்தார். தகப்பனாருக்குக் கொஞ்சம் வானம் பார்த்த நிலமும் ஒரு பட்டி ஆடும் இருந்தன. தப்பி ஓடும் குட்டிகளைப் பிடிப்பது பிள்ளைகளின் வேலை. நான் பின்னாலேயே ஓடி மூச்சு வாங்கி நிற்பேன். என்னைவிட ஆறு வயது சிறியவரான தங்கை சாவகாசமாக நடந்து போய், குட்டி திரும்பும் இடத்தில் நின்று பிடித்துவிடுவார். “அது எங்க ஓடுதுன்னு பாக்காதீங்கண்ணா. எங்க திரும்பும்னு பாருங்க” என்பார். பிற்காலத்தில் கோ-கோ மைதானத்தில் அவர் சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் இதைத்தான்.

அவர் உடற்கல்வி படிக்க வேண்டும் என்றபோது தகப்பனார் இரண்டு நாள் ஆட்டுப்பட்டியிலேயே கிடந்தார். மூன்றாம் நாள், “பொட்டப்புள்ள ஊரு முன்னால ஓடி என்னத்தச் சாதிக்கப் போவுது?” என்று என்னிடம் கேட்டார். நான் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். நான் பிழையில்லாமல் நிரப்பிய எத்தனையோ படிவங்களில், யாருக்காவது உருப்படியாகப் பயன்பட்டது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

முதல் பணியிடம் கெங்கவல்லி. அங்கேதான் தங்கையின் வாய்ப்பழக்கம் முதன்முறையாகச் சிக்கலில் மாட்டியது. எங்கள் பக்கத்தில் பெரியவர், சிறியவர், ஆண், பெண் யாராக இருந்தாலும் ‘சாமி’தான். கிழக்கே அந்த வழக்கம் இல்லை. வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், நாங்க என்ன கோயில்லயா இருக்கோம்? எதுக்கு சாமி சாமின்றீங்க?” என்று கேட்டிருக்கிறாள். “அடி சாமி, அது பாசமாக் கூப்புடறது” என்று தங்கை அதற்கும் அப்படியே பதில் சொல்லியிருக்கிறார்.

பிறகு திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கு மாறுதல் கிடைத்தது. மாப்பிள்ளை ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால், திரும்பி வர ஏழெட்டு மாதம் ஆகும். மகனை வளர்த்ததும், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும், பள்ளியை நடத்தியதும் தங்கைதான். பள்ளியை நடத்தியவர் தலைமையாசிரியர் என்று பதிவேடு சொல்லும். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

அந்தப் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் கிடையாது. ‘மைதானம் உள்ளது’ என்று ஆண்டறிக்கையில் இருந்தது, தரையில் இல்லை. பின்புறத் தோட்டத்துக்காரர், குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கிய பிறகு சும்மா கிடக்கும் காட்டை விட்டுக்கொடுத்தார். கட்டிகளை உடைத்து, நிரவி, இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, பெண்கள் கோ-கோ அணியைத் தங்கை அங்கே உருவாக்கினார். அடுத்த நடவு வந்தால் கம்பங்கள் அடுத்த காட்டுக்குப் போகும்.

அந்த அணியின் தலைவிதான் மோகனப்பிரியா. தறி ஓட்டும் தம்பதியின் மகள். தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் அவள் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து ஊருக்குக் கேட்கும். பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, அவள் தலைமையில் அணி மாநிலப் போட்டிக்குப் போனது. அரையிறுதியில் நடந்ததைத் தங்கை என்னிடம் குறைந்தது இருபது முறை சொல்லியிருப்பார்.

கோ-கோவில் துரத்தும் அணியிடம் சிக்காமல் ஓடுபவர்கள் மூன்று மூன்று பேராகத்தான் உள்ளே போவார்கள். எந்த மூவர் எப்போது போவது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. நன்றாக ஓடும் மோகனப்பிரியா முதல் மூவரில் போக வேண்டும் என்றார் தங்கை.

“நா கடைசியாப் போறனுங்க டீச்சர்.”

“ஏஞ் சாமி? நீ மொதல்ல நின்னாத்தான நேரம் ஓடும்?”

“நா மொதல்லயே அவுட்டாயிட்டா, வெளிய நிக்கறவளுக கையப் பெசஞ்சுக்கிட்டு நிப்பாளுங்க. நா கடைசியா இருக்கறனுன்னு தெரிஞ்சா பயமில்லாம ஓடுவாளுங்க. நீங்க சித்த உக்காருங்க டீச்சர். நீங்க நிக்கறதப் பாத்தா எனக்குப் படபடன்னு வருது.”

தங்கை உட்கார்ந்துவிட்டார். “அத்தனை பேர் முன்னால என்னைய உக்காருன்னு சொல்லிப்போட்டாளுங்கண்ணா! நானும் உக்காந்துட்டன். அன்னைக்குத்தான் இவ கேப்டன்னு எனக்குத் தெரிஞ்சுது” என்று சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தில், தன் மகன் பொறியியல் முடித்த அன்றுகூட நான் பார்க்காத ஒரு பெருமை இருந்தது. மருமகன் மன்னிக்க வேண்டும்.

அரையிறுதியில் வென்றார்கள். இறுதியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்று, மாநிலத்தில் இரண்டாம் இடம் பெற்றார்கள். கிழங்குக்காட்டில் ஓடிப் பழகிய பன்னிரண்டு பெண்கள்.

தவறு அதற்குப் பிறகு நடந்தது. சான்றிதழுக்கான பட்டியலோடு ஒருவர் தங்கையிடம் வந்தார். வெளி மாவட்டக்காரர். பறைச் சத்தம் ஒருபுறம், பிள்ளைகளின் கூச்சல் ஒருபுறம்.

“உங்க டீம்ல கேப்டன் யாருங்க?”

தங்கை கையை நீட்டிக் காட்டி, “அந்தச் சாமிதானுங்க கேப்டன்” என்றார்.

“இனிஷியல்?”

“பெ.”

இரண்டு மாதம் கழித்து வந்த சான்றிதழில், அணித்தலைவி என்ற இடத்தில் ‘பெ. சாமி’ என்று அழகாக அச்சாகியிருந்தது.

பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தங்கையும் முதலில் சிரித்தார். மோகனப்பிரியாவுக்கு உடற்கல்விக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தபோதுதான் சிரிப்பு நின்றது. இடம் தற்காலிகமானது. முதலாண்டு முடிவதற்குள் பெயர் திருத்திய சான்றிதழைக் கொடுக்காவிட்டால் சேர்க்கை ரத்தாகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

“எம் புள்ளை பேரை நானே அழிச்சுப்போட்டனுங்கண்ணா” என்றார் தங்கை. “நேராப் போயி சர்ட்டிபிகேட்டு குடுத்த ஆபீசுல கேட்டுப் பாக்கட்டுங்களா?”

“அதெல்லாம் கூடாது. எதுவும் முறைப்படி போக வேண்டும். முப்பது நாளில் பதில் வந்துவிடும்” என்றேன்.

முறைப்படியே போனோம். தலைமையாசிரியர் வழியாக, மாவட்டம் வழியாக, உரிய இணைப்புகளோடு போனது மனு. முதல் மனு, முத்திரை தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. இரண்டாவது மனு பெறப்படவே இல்லை என்றார்கள். பெற்றதற்கான ஒப்புகை என் கையில் இருந்தது. மூன்றாவதற்கு ஒரு வினாக் கடிதம் வந்தது. முதல் வினா: சாமி என்பவரும் மோகனப்பிரியா என்பவரும் ஒருவரே என்பதற்குச் சான்று என்ன? இரண்டாவது வினா: சாமி என்பது ஆண்பால் பெயராக இருப்பதால், அவர் பெண்கள் பிரிவில் பங்கேற்றது எவ்வாறு?

இரண்டாவது வினாவைத் தங்கை இரண்டு முறை படித்தார். ஒருத்தியின் பெயரைத் திருத்தப் போய், பன்னிரண்டு பேரின் இரண்டாம் இடமே பறிபோகும் நிலை வந்துவிட்டது. மோகனப்பிரியாவுக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டாள். “எனக்கு சீட்டே வேண்டாமுங்க டீச்சர். மனுவை வாபஸ் வாங்கிருங்க. மத்தவளுக சர்ட்டிபிகேட்டு போச்சுன்னா, நா எந்த மூஞ்சியோட அந்தக் காட்டுப் பக்கம் போவேன்?” என்றாள். தங்கை அவளை அதட்டி அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். வினாக் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். முறைப்படி என்ற சொல்லை நான் அதன் பிறகு அந்த வீட்டில் உச்சரிக்கவில்லை.

இதற்கிடையில்தான் தங்கைக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சிகிச்சைக்கு வசதி என்று, சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டாவது சுற்று மருந்து ஏறி நான்கு நாள் ஆன நிலையில், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, “கெளம்புங்கண்ணா, அந்த ஆபீசுக்குப் போலாம்” என்றார். இந்த முறை நான் மறுக்கவில்லை.

பிரிவு எழுத்தர் நல்ல மனிதர்தான். கோப்பைப் புரட்டிவிட்டு, “அம்மா, நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. ஆனா சாமின்னா ஆம்பளைப் பேரு. பொம்பளைப் புள்ளையப் போயி யாராச்சும் சாமின்னு கூப்புடுவாங்களா? மேல கேட்டா நா என்னன்னு எழுதறது?” என்றார்.

அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவரும் அம்மாள் தூக்குவாளியோடு வராந்தாவில் போனார். எழுத்தர் எட்டிப் பார்த்து, “ஏனுங்க சாமி, இங்க மூணு டீ ஊத்திட்டுப் போங்க” என்றார்.

தங்கை மெதுவாகக் கேட்டார்: “இப்ப அந்தம்மாளை என்னன்னு கூப்டீங்க?”

எழுத்தர் அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். டீ ஊற்றிய அம்மாளுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. “ஏஞ் சாமி எல்லாரும் என்னையே பாக்கறீங்க?” என்று எழுத்தரைப் பார்த்துக் கேட்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாராலும் அடக்க முடியவில்லை. தங்கை சிரித்துச் சிரித்து இருமல் வந்து, டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“சரிங்க, ஒத்துக்கறேன். இதைக் குறிப்புல எப்படிங்க எழுதறது?” என்றார் எழுத்தர்.

“நான் எழுதித் தருகிறேன்” என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ‘நாமக்கல் மற்றும் மேற்குச் சேலம் வட்டாரங்களில் வயது, பால் வேறுபாடின்றி அனைவரையும் சாமி என்று அன்புடன் விளிப்பது நெடுநாள் வழக்கம் என்பதும், அது எவருடைய பெயரும் அன்று என்பதும், இவ்வலுவலகத்திலேயே நேரில் அறியப்பட்டது’ என்று தொடங்கியது அந்தக் குறிப்பு. என் பணிக்காலத்தில் இதைவிட உண்மையான குறிப்பு ஒன்றை நான் எழுதியதில்லை.

வெளியே வந்ததும் தங்கை சொன்னார்: “மொத நாளே நேரா வந்திருந்தா ஒரு டீயோட முடிஞ்சிருக்குமுங்கண்ணா.”

எழுத்தரின் மேசையைவிட்டுக் கோப்பு அன்றே நகர்ந்தது. அதற்கு மேல் நான்கு மேசைகள் இருந்தன.

மார்கழியில் தங்கை மருத்துவமனையில் படுத்தார். மாப்பிள்ளை ரிக்கை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். நாங்கள் யாரும் கேட்காமலேயே, அந்தப் பன்னிரண்டு பெண்களும் மூன்று மூன்று பேராக முறைவைத்து வரத் தொடங்கினார்கள். ஒருத்தி நர்சிங் படிக்கிறாள், ஒருத்தி திருப்பூரில் தையலுக்குப் போகிறாள், ஒருத்திக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. எந்த நாளில் எந்த மூவர் என்பதை மோகனப்பிரியா தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருந்தாள். தன்னைக் கடைசி மூவரில் போட்டிருந்தாள். நான் பார்த்த பணிப் பங்கீட்டு ஆணைகளில், ஒருவர்கூட விடுப்புக் கேட்காதது அது ஒன்றுதான்.

தங்கை தினமும் காலையில் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “தபால் வந்துதுங்களாண்ணா?”

“வந்துவிடும்” என்பேன். மாசி மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், அதே கேள்வியை மோகனப்பிரியாவிடம் கேட்டிருக்கிறார். “வந்துருமுங்க டீச்சர், நீங்க சித்தப் படுங்க” என்று அவள் சொல்லியிருக்கிறாள். மாலை நாலரை மணிக்குத் தங்கை அவள் கையைப் பிடித்தபடியே எங்களைவிட்டுப் போனார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. கைவிட்டுவிட்டோம் என்று ஒரு நாளும் முகத்தில் காட்டாத மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், நாள் தவறாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், சுடுகாடு வரை வந்த கெங்கவல்லியின் பழைய மாணவிகளுக்கும், மாநிலப் போட்டிக்குப் போன ஆண்டு நடவைத் தள்ளிவைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டை விட்ட தோட்டத்துக்காரருக்கும், டீ ஊற்றிய அம்மாளுக்கும், அந்த அம்மாளைச் சாமி என்று இயல்பாகக் கூப்பிட்ட எழுத்தருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மேலே இருந்த நான்கு மேசைகளுக்கும் நன்றி. தாமதமாகவேனும் கையெழுத்துப் போட்டார்கள்.

பதிவுத் தபால் தங்கையின் பெயருக்கு வந்தது. பெறுநர் காலமாகிவிட்டால் தபாலை அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும் என்பது தபால்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பந்தல் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்ததை அவர் பார்த்தார். பிறகு கையெழுத்துத் தாளை என்னிடம் நீட்டினார். நான் போட்டேன்.

உறையைப் பிரித்து மோகனப்பிரியாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அணித்தலைவி, பெ. மோகனப்பிரியா. பெண்கள் பிரிவு. இரண்டாம் இடம். கல்லூரிக்கு இன்னும் ஐந்து வாரம் அவகாசம் இருந்தது. மறுமுனையில் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ மெல்லிய குரலில், “கீழ, பயிற்சியாளர்னு போட்ட எடத்துல டீச்சர் பேரு சரியா இருக்குதுங்களா மாமா?” என்று கேட்டாள்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. சொன்னேன்.

“அப்பப் போதுமுங்க. நாளைக்கு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாரனுங்க” என்றாள்.

முப்பது நாளில் வர வேண்டிய பதில் எட்டு மாதம் கழித்து, தங்கையின் காரியம் முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை வந்தது.