இரண்டு மேஜையிலும் மணி அடித்தது

போன வாரம் பரணை ஒழித்தபோது சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி அகப்பட்டது. "இத பழைய சாமான்காரர்ட்ட போட்டுறவா?" என்றாள் மனைவி. பிடுங்கி முகர்ந்து பார்த்தேன். அந்தக் காலத்தில் அதில் அடித்த சூடான பிளாஸ்டிக் வாசனை போய்விட்டிருந்தது. தூசி ஏறித் தும்மல்தான் வந்தது. தும்மலோடு ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணிக் கம்பெனியும் வந்தது.

ஆபீஸ் போனை இன்டர்நெட் வழியாகப் பேச வைக்கும் அடாப்டர் அது. நான் போன் மாட்டிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிது. கம்பெனி முதலாளிகள் அண்ணன் தம்பி. அண்ணனுக்கு ராஜபாளையம் ஆபீஸ், தம்பிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை. இரண்டு இடத்துப் போன்களையும் ஒரே எக்ஸ்சேஞ்சில், அதாவது ஆபரேட்டர் இணைப்புக் கொடுக்கும் பெட்டியில், நான் சேர்த்துவிட வேண்டும். ஆனால் அவர்களுக்குள் பேச்சே கிடையாது. மடவார் வளாகம் கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்தில் அண்ணனைத் தம்பி "வாங்க" என்று கேட்கவில்லையாம். நம் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்கே தெரியும். சாம்பாரில் உப்பில்லை என்றால்கூட மன்னித்துவிடுவார்கள். அன்றிலிருந்து சரக்கு ஏற்றலாமா என்று கேட்கக்கூட லாரி டிரைவர்தான் தூது.

"இப்படியே போனா கம்பெனிய ரெண்டாப் பிரிச்சிருவாக தம்பி. பொறவு நாங்கள்லாம் எங்க போக?" என்றார் ஆபரேட்டர் செல்வியக்கா.

நான் பெரிய இன்ஜினியர் தோரணையில் வயரைச் சொருகினேன். வேலை செய்யவில்லை. வெளி லைன் வரும் இடத்தில் மாட்ட வேண்டிய அடாப்டரை எக்ஸ்டென்ஷன் போகும் இடத்தில் மாட்டியிருந்தேன். எக்ஸ்சேஞ்சும் டயல் டோன் கொடுத்துக் காத்திருக்கிறது, அடாப்டரும் டயல் டோன் கொடுத்துக் காத்திருக்கிறது. நீ முதலில் நம்பர் போடு என்று இரண்டுக்கும் வீம்பு. முதலாளிக்கேற்ற மெஷின்கள் என்று சிரித்துக்கொண்டே வயரை மாற்றினேன்.

"அண்ணாச்சி, அங்க ஒரு தடவ பேசிப் பாருங்களேன்" என்றேன் அண்ணன் முதலாளியான பெரியவரிடம்.

"அவன் மொதல்ல கூப்புடட்டும்லே."

முந்தின நாள் கிளையில் பெட்டி மாட்டப் போயிருந்தபோது தம்பி சொன்னதும் இதேதான்.

செல்வியக்கா என்னைப் பார்த்தார். "செத்த நேரம் சும்மா இரிங்க" என்று கிளைக்கு நம்பர் போட்டார், கூடவே பெரியவர் அறைக்கும் மணி கொடுத்து, இரண்டையும் சேர்த்துவிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பெரியவர் ரிசீவரை எடுத்தார். எதுக்குக் கூப்பிட்டே என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும், எங்கள் கதை கந்தல்.

"என்னலே, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்?" என்றார் பெரியவர்.

செல்வியக்கா காதில் ரிசீவரை வைத்தபடியே என்னிடம் கிசுகிசுத்தார்: "'சாப்ட்டீங்களாண்ணே'ங்காரு." அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், சொல்வதற்கென்ன.

தம்பிதான் இறங்கிவந்தான் என்று அண்ணனும், அண்ணன்தான் கூப்பிட்டார் என்று தம்பியும் கடைசிவரை பெருமை பேசினார்கள். கம்பெனி பிரியவில்லை.

இப்போது அங்கே எக்ஸ்சேஞ்சும் இல்லை, ஆபரேட்டர் நாற்காலியும் இல்லை. எல்லாவற்றையும் கழற்றியபோது இந்தப் பெட்டியை நான் கேட்டு வாங்கிவந்தேன். ஆளுக்கொரு செல்போன். யார் கூப்பிட்டது என்று அது பேரோடு காட்டிக்கொடுத்துவிடுகிறது. சேத்தூரில் இருக்கிற என் அண்ணனோடு தீபாவளியிலிருந்து எனக்கும் ஒரு மனத்தாங்கல். நடுவில் சேர்த்துவிட ஒரு செல்வியக்கா இல்லை. பெட்டியைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, நானே நம்பரைப் போட்டேன்.

"சாப்ட்டீங்களாண்ணே?"