குண்டான் மூடிய மழை

ராணுவ வானிலைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த சக்கரவர்த்திக்கு ஒரே ஒரு வரியின் மேல் தீராத எரிச்சல். எந்த ஊரில் எந்த மாதம் எவ்வளவு மழை, எத்தனை நாள் மூடுபனி என்று முன்னறிவிப்பு எழுதுகிறவர்கள் புரட்டிப் பார்க்கும் கையேட்டில், அவர் பிறந்த ஜவ்வாது மலைக்குப் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே குறிப்புதான்: ‘வேலூரைப் பார்க்கவும்.’

வெயிலில் வேகிற வேலூருக்கும், ஆகஸ்டிலேயே கம்பளி தேடுகிற மலைமேல் காவலூர்ப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தார். “அளவு இருந்தால் கொடு” என்றார்கள் மேலதிகாரிகள். ஓய்வு பெற்றதும் சாமைக் கொல்லை ஓரம் சொந்தச் செலவில் மழைமானி நட்டு, தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுதினார். ஐந்து வருடம். கடைசியில் பழைய பிரிவிலிருந்து கடிதம் வந்தது: கையேட்டைத் திருத்துகிறோம், ஐந்து வருடமும் விடுபடாத மாதங்களை மட்டும் சேர்ப்போம், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.

வெள்ளிக்கிழமை காலை மாதவாரியாக அளவுகளைக் கூட்டிக்கொண்டே வந்தவர் போன அக்டோபரில் நின்றுவிட்டார். முப்பத்தோரு சைபர். அந்த மாதம் அவர் கால் உடைந்து வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அளந்து எழுதியது மனைவி சுந்தரம்மாள்.

“சுந்தரம்! போன அக்டோபர்ல மழையே பெய்யலையா?”

“பெய்யலையாவா? அறுத்த சாமை மொளச்சிப் போச்சின்னு போன் போட்டு அழுதனே!”

“அப்புறம் இன்னாத்துக்கு சைபர் போட்ட?”

“டப்பாவுல தண்ணி இல்ல, போட்டேன். பொய் எழுதச் சொல்றியா?”

“எப்டிடி தண்ணி இல்லாம போவும்?”

“மழை வந்தா காயிற சாமைய மூட்றோம் இல்ல? அப்பவே இதையும் குண்டான் கவுத்து மூடிடுவேன். பத்திரமா பாத்துக்கோன்னு நாலு வாட்டி சொல்ட்டுப் போனது யாரு?”

“அது நனையறதுக்குன்னே வெச்ச டப்பாடி!”

“அத அன்னைக்கே சொல்லணும்யா. இப்ப வந்து கத்துறான்.”

முந்தின வருடத்து அளவை அப்படியே போட்டுவிடலாமா என்று பேனா ஒரு நிமிடம் தயங்கியது. அந்தப் பக்கத்தை நம்பி மலைமேல் ஹெலிகாப்டர் இறக்கப்போகிறவனை நினைத்தார். பதினொரு மாதங்களை நிரப்பி, அக்டோபருக்கு நேராகப் பல்லைக் கடித்துக்கொண்டு தன் கையாலேயே எழுதினார்: ‘வேலூரைப் பார்க்கவும்.’

சுந்தரம்மாள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “ஏன்யா, வேலூரப் பாத்தா இங்க பேஞ்சது எப்டித் தெரியும்?”

சக்கரவர்த்தி கவரை ஒட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க நொண்டி நொண்டி நடந்தார்.