காத்துக் கம்மியா இருந்தாத்தான் மெத்தையாட்டம் போகும்

என் அக்கா வீட்டுக்காரர் பெரிய கார் வாங்கியதிலிருந்து யாரையும் மதிப்பதில்லை. வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்கு ஏழு பேரும் சீர்ச் சாமானுமாகக் கிளம்பினோம்.

"ஏனுங்க, இத்தன பாரத்துக்கு, கார்க் கதவோரத்துல அச்சடிச்சுப் போட்டிருக்கிற அளவுக்கு டயருக்குக் காத்துப் புடிச்சர்லாமுங்க" என்றாள் அக்கா.

"கம்மியா இருந்தாத்தான் மெத்தையாட்டம் போகும். உனக்கென்ன தெரியும்?" என்றார் மாமா.

பல்லடம் தாண்டியதும் பின்டயர் வெடித்தது. கார் எதிர்ப்பக்கம் பாய்ந்து, ஒரு லாரியிடமிருந்து மயிரிழையில் தப்பி நின்றது. குழந்தைகள் அலறின. மாமாவோ இறங்கி, எப்போதோ பஞ்சர் ஒட்டியவனைத் திட்டினார்.

ஸ்டெப்னி மாட்டியதும் அக்கா கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

அடுத்த பங்க்கில் எல்லா டயருக்கும் காற்றுப் பிடித்துவிட்டு அவளே ஓட்டினாள். பின்சீட்டிலிருந்து மாமா, "பாத்துப் போ அம்மணி, பெரிய வண்டி" என்று பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

அவரை மதிக்க வேண்டுமே என்று இத்தனை வருஷம் நான் பட்ட சிரமம் அன்றோடு தீர்ந்தது.