தெய்வசிகாமணியின் சட்டைப் பை

சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு எலக்ட்ரீஷியன் தெய்வசிகாமணி. எதில் கை வைத்தாலும் முதலில் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எடுத்தவர்தான் திருப்பிப் போட வேண்டும். இளவயதில் அரிசி ஆலை ஒன்றில் வேலை பார்த்தபோது, யாரோ அவசரப்பட்டு ஃபியூஸைப் போட்டுவிட, கூட்டாளி சின்னதுரை கண்ணெதிரே செத்துப்போனான். அன்றிலிருந்து, வீட்டில் மிக்சி ரிப்பேர் என்றாலும் இதே சட்டம்தான். அவர் சட்டையைத் துவைக்கப் போட்டால் பாதி பிளாக் இருட்டாகிவிடும் என்று எதிர் குவார்ட்டர்ஸில் கிண்டல் செய்வார்கள்.

அன்று அந்தச் சட்டைப் பைதான் மகள் மலர்விழியை அழவைக்கப் பார்த்தது. படித்து முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தவளுக்குச் சென்னைக் கம்பெனியிலிருந்து அழைப்பு. பதினோரு மணிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வரைந்து காட்ட வேண்டும். பழைய கம்ப்யூட்டர் திணறியதால் புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தார்கள். காலையில் அப்பா அதை மாட்டிக்கொண்டிருக்கும்போதே, பெல்ட் நின்றுவிட்டதென்று ஜீப் வந்துவிட்டது. முடிந்த மாதிரிதான், மூடிவிட்டு ஆன் செய்துகொள் என்று சொல்லிவிட்டு ஓடினார். அவருடைய போன் வீட்டில் சார்ஜரிலேயே கிடந்தது.

ஆன் செய்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. கார்டைக் கழற்றினால் படம் வந்தது, மாட்டினால் இருட்டு. அதன் விளிம்பை ரப்பரால் தேய்த்தாள், தூசியை ஊதினாள், மானிட்டர் ஒயரை மாற்றினாள். ஒன்றுக்கும் மசியவில்லை. அப்போதுதான் கவனித்தாள், கார்டின் விசிறி சுற்றவே இல்லை. ஓரத்தில் ஆறு துளைகள் காலியாக இருந்தன. கூட வந்த தாளின் படத்தில் அங்கே ஒரு சிறு ஒயர் செருகியிருந்தது. அதுதான் கார்டுக்குக் கரண்ட் கொடுப்பது. கார்டு வந்த பெட்டிக்குள் அது இல்லை.

கரண்ட் கொடுக்கும் பொருள் வேறெங்கே இருக்கும்? மணி ஒன்பது ஐம்பது. ஆத்திரத்தோடு ஸ்கூட்டியை எடுத்தாள்.

சுரங்க வாசலில் உள்ளே விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடிச் சொல்லியனுப்பினாள். கால் மணி நேரம் கழித்து வந்த அப்பா, அவளைப் பார்த்ததுமே பையைத் தொட்டார். முகம் செத்துப்போயிற்று. ஒயரை எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை. ஒரு முறை உள்ளே திரும்பிப் பார்த்தார். பெல்ட் இன்னும் நின்றுதான் கிடந்தது. பிறகு அதை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். பையில் போட்டதை அவர் இன்னொருவர் கையில் கொடுத்து அவள் பார்த்ததே இல்லை.

"ஃபியூஸப் புடுங்கி நீ வச்சிகினு அப்பறம் தொடு. மறந்துடாத."

வீட்டுக்கு வந்ததும் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். சுடிதாரில் பை இல்லாததால் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள். ஒயரைச் செருகினாள். சுவிட்சைத் தட்டினாள்.

ஒன்றுமே இல்லை. இப்போது கம்ப்யூட்டரின் உறுமல்கூட இல்லை. எல்லாம் எரிந்துபோய்விட்டது என்றே நினைத்தாள். மணி பத்து ஐம்பத்தைந்து. அழுகையை அடக்கிக்கொண்டு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். ஏதோ கெட்டியாகக் கன்னத்தில் இடித்தது.

முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டே மெயின் பெட்டிக்கு ஓடினாள். விசிறி சுற்றி, திரையில் வெளிச்சம் வந்தபோது பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அப்பா மேல் இருந்த கோபத்தை எங்கே வைத்தாளென்று அவளுக்கே தெரியவில்லை.