கேசட்டில் அழித்த இடம்

அந்தக் கேசட்டின் மேல் விளிம்பில், ஒரு மூலையில், சின்னதாக ஒரு பள்ளம் இருக்கிறது. அதை மூடி ஒட்டிய பிளாஸ்திரி இத்தனை வருடத்தில் பழுத்து, ஓரம் சுருண்டுவிட்டது. பிளாஸ்திரியை ஒட்டியவள் நான். பள்ளத்தை உண்டாக்கியவர் என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா. சவூதியில் உட்கார்ந்து வீட்டுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பேசிப் பதிந்தபின், அதன் மேல் யாரும் பாட்டு கீட்டு பதிந்துவிடக் கூடாதென்று அந்த இடத்துத் துண்டைப் பேனா முனையால் உடைத்துவிட்டுத்தான் ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடல் காற்று எட்டுகிற எங்கள் ஊரில் அப்போது கடிதத்தைவிடக் கேசட்டுக்குத்தான் மரியாதை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் நிறைந்த தெருவில் வேறு எப்படி இருக்கும்?

அம்மா அந்தப் பெண்களில் ஒருத்தி. பதில் பதியும்போது ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னுக்கு முன்னால் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அத்தாவே எதிரில் இருப்பதுபோல் பார்வையைத் தாழ்த்திப் பேசுவாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று கடைசிவரை அவளுக்குப் பிடிபடவில்லை. கேசட்டைத் தலைகீழாகச் செருகிவிட்டு, "இது ஏன் வாய் திறக்க மாட்டேங்குது?" என்று என்னைக் கூப்பிடுவாள். தெருவுக்கே தெரிந்த சங்கதி இது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு நின்றது. பையன்களுக்கு அதுவே தாராளம். பத்து பாஸானால் பாஸ்போர்ட் வேலை சுலபம். அதற்குமேல் படிப்பது விமானத்தைத் தவறவிடுகிற வேலை என்று நினைத்தார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பத்தே அதிகப்படி. என்னோடு படித்த பெண்களில் பாதிப் பேர் பரீட்சை முடிவு வருவதற்குள் நிச்சயமாகியிருந்தார்கள். பதினொன்றாவது படிக்க வேண்டுமானால் பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டும். அரை மணி நேரப் பயணம்தான். ஆனால் எங்கள் தெருவிலிருந்து எந்தப் பெண்ணும் அதுவரை அந்த அரை மணி நேரத்தைக் கடந்து படிக்கப் போனதில்லை. சவூதி எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது, பட்டுக்கோட்டைதான் தூரம்.

எனக்கு நல்ல மார்க். எங்கள் பள்ளி டீச்சரே பட்டுக்கோட்டைத் தலைமையாசிரியையிடம் பேசி ஓர் இடம் சொல்லி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் வெச்சிருப்பாங்க. அதுக்குள்ள யாராவது வந்து சேர்த்துடுங்கம்மா. தாண்டினா வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவாங்க." அம்மா ஏற்கெனவே அத்தாவிடம் கேட்டுக் கேசட் அனுப்பியிருந்தாள். பதிலுக்காக வளைகுடாவிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் ஆளனுப்பி விசாரித்தாள். பெட்டியைப் பிரிக்கக்கூட அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை கேசட் வந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்த கேசட்டை அன்றைக்குச் சாயங்கால அசர் தொழுகை முடிந்து, அத்தாவின் அண்ணன் பெரியத்தா வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் போட வேண்டும். அத்தாவின் அக்கா குப்பி, தம்பி சின்னத்தா வீட்டார், பிள்ளைகள் எல்லோரும் சுற்றி இருக்க, அத்தா வயது வரிசையில் ஒவ்வொருவருக்கும் சலாம் சொல்லுவார். தன் பெயர் வருகிறதா என்று ஒவ்வொருவரும் காத்திருப்பார்கள். வராவிட்டால் இரண்டு நாளைக்கு முகம் தொங்கும். அந்த வழக்கத்தை அம்மா அதுவரை மீறியதே இல்லை. அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு, "போடு" என்றாள்.

சலாம் வரிசை முடிந்தது. பிறகு அத்தா தொண்டையைச் செருமினார். "பிள்ளை படிப்பைப் பத்திக் கேட்டிருந்தே. பத்து வரைக்கும் படிச்சது போதும். பஸ்ஸுல எல்லாம் அனுப்பி ஊரு பேசுறதுக்கு நான் இங்கேருந்து பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. நான் வர்றப்ப நல்ல இடமாப் பார்த்து முடிச்சுடலாம். அண்ணனும் அதைத்தான் சொல்லுவாங்க." அடுத்து வெள்ளாடு குட்டி போட்டதா என்று கேட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆட்டுக்கு ஒதுக்கிய நேரம் என் படிப்புக்கு ஒதுக்கியதைவிடக் கூடுதல். அம்மா, யாரிடமோ சமையல் குறிப்புக் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"அந்த எடத்தை மட்டும் அழிக்க முடியுமா?"

பள்ளத்தை மூடினால் முடியும் என்று எனக்குத் தெரியும். வானொலிப் பாட்டுப் பதிந்து பழகிய கை. பிளாஸ்திரி ஒட்டி, நாடாவைச் சலாம் வரிசை முடிகிற இடத்துக்குத் திருப்பிச் சுற்றினேன். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். அத்தாவின் பேச்சு இருந்த இடத்தில் எங்கள் வீட்டு அமைதி பதிய ஆரம்பித்தது. நானும் அம்மாவும் சுழலும் நாடாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓடும் எண்ணைப் பார்த்து, ஆட்டைப் பற்றிய கேள்விக்கு முன்னால் நிறுத்தினேன். சரியாக விழுந்திருக்கிறதா என்று போட்டுப் பார்ப்பதற்குள் குப்பி கதவைத் தட்டிவிட்டார். பிறகு அன்று முழுக்க வீட்டில் ஆள் ஓயவில்லை.

அசருக்குப் பிறகு பெரியத்தா வந்து உட்கார்ந்தார். அம்மா உள் அறைத் திரைக்குப் பின்னால் நின்றாள். சலாம் வரிசை ஓடியது. குப்பி தன் பெயர் வந்ததும் தலையாட்டினார். அழித்த இடம் வந்தது. இரைச்சல். ஒரு காக்கை கத்தியது. பிறகு தூரத்திலிருந்து, நெருங்கி நெருங்கி, எங்கள் தெருவுக்குத் தினமும் கூடை சுமந்து வரும் கடற்கரைப் பெண்ணின் குரல். "கெளங்கா மீனு... மத்தி மீனேய்..." அதற்குமேல் சன்னலடியில் நின்று, "மீனு வேணுமா ஆச்சி?" என்று அவள் கேட்டதும், பழக்க தோஷத்தில் அம்மா சொன்ன பதிலும் தெளிவாகக் கேட்டன. "நாளைக்கு வாம்மா."

காலையில் இது நடந்தபோது எங்கள் இருவர் காதிலும் விழவே இல்லை. தினமும் கேட்கிற சத்தம் எங்கே காதில் விழுகிறது? பிறகு அத்தா ஆட்டைப் பற்றிக் கேட்டார். பெரியத்தா கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

"திரும்பப் போடு."

போட்டேன். மறுபடி காக்கை, மறுபடி மீன்காரி, மறுபடி அம்மா. யாரும் சிரிக்கவில்லை. சின்னத்தாவின் மகன் சிரிக்கப் போக, அவன் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. "சவூதிக்கு இவ எப்ப மீன் விக்கப் போனா?" என்று கேட்டுவிட்டுப் பெரியத்தா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்தப் பெட்டியை இயக்கத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதானே. என் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

திரை விலகியது. பெரியத்தா இருக்கும்போது அம்மா நடு வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

"நான்தான் அழிச்சேன் மச்சான்."

"உனக்கு அந்தப் பெட்டியைத் திறக்கவே தெரியாது."

"நான்தான் அழிச்சேன். படிக்க வேணாம்னு சொல்லியிருந்தாங்க. பிள்ளை மேல தப்பு இல்ல."

பெரியத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "புருஷன் பேச்சையே அழிச்சிட்டே. இனிமே இந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு என்னைக் கூப்பிடாதே." போய்விட்டார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போனார்கள். குப்பி மட்டும் வாசலில் நின்று, "அவன் திரும்பி வந்தா என்ன பதில் சொல்லப் போறே?" என்று கேட்டார்.

மறுநாள் காலை ஆண் துணை இல்லாமல் அம்மா தன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பஸ் ஏறினாள். டிக்கெட் வாங்கும்போது ஊர்ப் பெயர் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை, நான்தான் சொன்னேன். சேர்க்கை விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு நேராகக் கட்டைவிரலை உருட்டினாள். தலைமையாசிரியை அப்பா எங்கே என்று கேட்கவில்லை. அந்தப் புண்ணியவதி கேட்டிருந்தால் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள்.

பெரியத்தா எழுதித் தெரிவித்தும் அத்தா திட்டவில்லை. கேசட் அனுப்புவதை நிறுத்திவிட்டார். சில வாரம் கழித்துப் பெரியத்தாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதை அவர் ஒரு பையன் கையில் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். "இனிமேல் எதுவானாலும் எழுத்தில்தான். எழுத்தை யாரும் அழிக்க மாட்டார்கள்" என்று இருந்தது. படிக்கத் தெரியாத மனைவிக்கு அதைவிடக் கடுமையான தண்டனையை அத்தாவால் யோசித்திருக்க முடியாது. நான் வாசித்தேன். அம்மா கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை வாசி" என்றாள். நான் பன்னிரண்டாவது முடித்து அத்தா விடுப்பில் வரும்வரை அவள் அவருடைய குரலைக் கேட்கவில்லை. பழைய கேசட்டுகளைப் போடச் சொல்லியும் என்னிடம் கேட்கவில்லை. அது எனக்காக அவள் கொடுத்த விலை என்று எனக்கு அப்போது புரியவில்லை. காலையில் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

இன்று நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை. வளைகுடாப் பணத்தில் எங்கள் ஊரிலேயே இரண்டு ஆங்கிலப் பள்ளிகள் வந்துவிட்டன, வாசலில் வேன் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. ஆனாலும் என் வகுப்பில் வருடத்துக்கு ஒரு பெண்ணாவது கோடை விடுமுறைக்குப் பிறகு திரும்பி வருவதில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டால், "அவங்க அத்தா போன்ல வேணாம்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்கிறார்கள். போனில் சொன்னதை அழிக்கவும் வழியில்லை. அந்த வாசல்களில் நான் நிதானமாகப் பேசியதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

அம்மா போன வருடம் இறந்துபோனாள். அத்தா என்னோடு இருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும், "என் மவளை நான் அந்தக் காலத்துலயே படிக்க வெச்சேன். சவூதியில கஷ்டப்பட்டு, பஸ்ஸுல அனுப்பிப் படிக்க வெச்சேன்" என்று சொல்வார். அம்மா உயிரோடு இருந்தவரை, இதைக் கேட்டுக்கொண்டே வந்தவர்களுக்குத் தேநீர் கொண்டு வந்து வைப்பாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. போன மாதம் அவர் மறுபடியும் ஆரம்பித்தபோது, வந்தவர்கள் கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பரணிலிருந்து டூ-இன்-ஒன்னை இறக்கி, பிளாஸ்திரி ஒட்டிய கேசட்டைப் போட்டேன். இன்றைக்கு ஒரு முடிவு தெரியட்டும் என்றுதான் போட்டேன்.

சலாம் வரிசை ஓடியது. தன் இளம் வயதுக் குரலைக் கேட்டு அத்தா லேசாகச் சிரித்தார். இரைச்சல் வந்தது. காக்கை கத்தியது. மீன்காரி நெருங்கி வந்தாள். சன்னலடியில் நின்று கேட்டாள். அம்மாவின் குரல் பதில் சொன்னது.

"நாளைக்கு வாம்மா."

அத்தாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஆட்டைப் பற்றி அவர் குரலே கேட்டுக்கொண்டிருந்தது, அது அவர் காதில் விழவில்லை. அழித்த இடத்தில் தான் என்ன சொல்லியிருந்தார் என்று அவர் கேட்பார், சொல்லிவிடலாம் என்று நான் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நாற்காலியைப் பெட்டியின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை போடும்மா" என்றார்.

போட்டேன்.